‘குட்டி ஜப்பானு’க்கு ஜப்பான் ரேஸ் கார் வருமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இன்ஸ்டா ரீல்ஸில் நீல நிற நிசான் ஸ்கைலைன் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரிலிருந்து பட் பட் என்று தீ கக்குகிறது. கீழே ஒரு வரி: ‘விற்பனைக்கு. பேப்பர் பக்கா. டெலிவரி எங்கும்.’ திருத்தங்கல் டீக்கடையில் அந்த ரீல் நாலு போன் சுற்றி வந்தால், அடுத்த கேள்வி இதுதான்: “மச்சி, நம்ம ஊருக்குக் கொண்டு வந்துடலாமா?”

சிவகாசி வட்டாரத்துக்கு ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வைத்தவர் நேரு என்பார்கள். நிஜ ஜப்பானின் கார் இங்கே வருவதில் என்ன சிக்கல்? சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது: பேப்பர், பராமரிப்பு, மாடிஃபிகேஷன். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் சைலன்சரை மாற்றுபவர்கள்தான் பணத்தையும் காரையும் சேர்த்து இழக்கிறார்கள்.

ஸ்கைலைனை ஜப்பானிலிருந்து இறக்க முடியுமா?

சுருக்கமான பதில்: பழைய ஸ்கைலைனை முடியாது.

பழைய காரை இறக்குமதி செய்ய இந்தியாவில் விதி கறாரானது. தயாரித்த தேதியிலிருந்து கார் மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றிதழும் வேண்டும்.

இப்போது ரசிகர்கள் உருகும் கார்களைப் பாருங்கள். ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 தயாரிக்கப்பட்டது 1999 முதல் 2002 வரை. நான்காம் தலைமுறை டொயோட்டா சுப்ரா 1993-ல் வந்து 2002-ல் நின்றது. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கடைசித் தலைமுறையும் 2002-ல் முடிந்துவிட்டது. மூன்று ஆண்டு விதிக்குள் இவற்றில் ஒன்றுகூட வராது.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். அங்கே 25 ஆண்டுகளைக் கடந்த காரைப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கி அனுமதிக்கிறார்கள். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் ஸ்கைலைனைக் கப்பலிலிருந்து இறக்குவதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் செய்யலாம்’ என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

மூன்று ஆண்டுக்குள் உள்ள கார் கிடைத்தாலும், சுங்க வரியும் மற்ற வரிகளும் சேர்ந்தால் காரின் விலையைவிட வரி கூடிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டின் சாலை வரி. 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு, 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம்.

அப்படியானால் இங்கே ஓடுகிற கார்கள் எப்படி வந்தன?

நேர்வழி ஒன்று இருக்கிறது: கம்பெனியே அதிகாரப்பூர்வமாக விற்றவை. மிட்சுபிஷி லேன்சர் எவோ 10, நிசான் 370இசட் இரண்டும் 2010-ல் இந்தியாவுக்கு வந்தன. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 2016 டிசம்பரில் 1.99 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. 3.8 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின். ஒவ்வொரு இன்ஜினையும் யோகோஹாமா ஆலையில் ‘தகுமி’ எனப்படும் ஒரே கைவினைஞர் கையால் பூட்டி, தன் பெயர்ப் பலகையை அதன் மேல் பதிப்பார். அந்தக் காரின் உற்பத்தி 2025 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இனி கிடைப்பது செகண்ட் ஹேண்ட் மட்டுமே.

இரண்டாவது வழி, வெளிநாட்டில் குடியிருந்தவர் நாடு திரும்பும்போது தன் காரைக் கொண்டுவருவது. அவர் அங்கே எத்தனை காலம் தங்கினார், காரை எத்தனை காலம் வைத்திருந்தார் என்பதற்கெல்லாம் நிபந்தனை உண்டு. வரியும் உண்டு.

மூன்றாவது ‘கார்நெட்’. இது சுற்றுலா வருபவரின் காருக்கான தற்காலிக அனுமதி. வரி கட்டாமல் உள்ளே வரலாம். குறித்த காலத்துக்குள் திரும்பிப் போயே ஆக வேண்டும். “கார்நெட் வண்டிதான் சார், இங்கேயே ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

நான்காவது வழி கடத்தல். இது தூரத்துக் கதை இல்லை. 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சுமார் 30 இடங்களில் சோதனை நடத்தியது. பூடானிலிருந்து கொண்டுவந்த பழைய கார்களுக்குப் போலி ஆவணம் தயாரித்து, வேறு மாநிலங்களில் பதிவு செய்து, இங்கே விற்றதாகக் குற்றச்சாட்டு. கோவையை மையமாகக் கொண்ட கும்பல் ஒன்று இதன் பின்னால் இருப்பதாகச் சுங்கத்துறை கூறியது. டொயோட்டா லேண்ட் க்ரூசர், நிசான் பேட்ரோல் என ஜப்பானிய வண்டிகள் பட்டியலில் இருந்தன. பிரபலங்களின் வீட்டு வாசலிலிருந்தும் கார்கள் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காரை வாங்கியவருக்குக் கடத்தல் பற்றித் தெரிந்திருந்ததா இல்லையா என்ற விசாரணை பிறகுதான் வரும். கார் முதலில் போய்விடும்.

எந்தப் பேப்பரைப் பார்க்க வேண்டும்?

ஆர்.சி. புக் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. இறக்குமதியான காருக்கு அடிப்படை ஆவணம், சுங்கத்துறையிடம் தாக்கல் செய்த ‘பில் ஆஃப் என்ட்ரி’. அதில் இருக்கும் சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஆர்.சி.யில் உள்ளது, காரில் பொறித்திருப்பது எல்லாம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வரி கட்டிய ரசீதும் வேண்டும். தயாரித்த தேதிக்கும் இறக்குமதி தேதிக்கும் நடுவே மூன்று ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், எந்த விதியின் கீழ் வந்தது என்று விற்பவர் விளக்க வேண்டும். இடையில் நாலைந்து மாநிலம் கைமாறிய காராக இருந்தால் இரண்டு மடங்கு உஷார் தேவை.

காருக்குள் உட்கார்ந்தும் கொஞ்சம் துப்பறியலாம். ஜப்பான் உள்நாட்டுக் கார்களின் பழைய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்ம ஊர் எஃப்எம் பெரும்பாலும் அதற்கு மேலே. ஸ்பீடோமீட்டர் 180-லேயே முடிந்திருக்கலாம். ஜப்பானில் விற்கும் கார்களுக்கு அந்த வேகத்தில் கடிவாளம் போடுவது வழக்கம். ‘இந்தியாவில் கம்பெனி விற்ற வண்டி’ என்று சொல்லப்படும் காரில் இதெல்லாம் தென்பட்டால் கேள்வி கேட்கலாம்.

சரி, கார் வந்தாச்சு. திருத்தங்கல் வெயிலில் ஓடுமா?

ஓடும். பராமரிப்புச் செலவைக் கார் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால்.

முதல் எதிரி சூடு. டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். சித்திரை மாத மதியம் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொட்டால், இன்டர்கூலரால் ஓரளவுக்கு மேல் குளிர்விக்க முடியாது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால், ஸ்பார்க்கின் தீ முழுதாகப் பரவுவதற்கு முன்பே பெட்ரோல் தானாகவே வெடிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனை ஓட்டை போடுவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, பெட்ரோல். ஜப்பான் பங்க்குகளில் ‘ஹை ஆக்டேன்’ என்று விற்கும் பெட்ரோலின் தரம் பொதுவாக 100-ஐ ஒட்டி இருக்கும். இந்த இன்ஜின்கள் அதற்காக டியூன் செய்யப்பட்டவை. நமது இ20 பெட்ரோலுக்கு நிர்ணயித்த ஆக்டேன் 95. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்றவை தேர்ந்தெடுத்த பங்க்குகளில் மட்டும்தான்.

ஆக்டேன் மட்டும் பிரச்சினை இல்லை. இ20-ல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். 1990-களின் ரப்பர் ஹோஸ், சீல், ஓ-ரிங் எல்லாம் இந்த அளவு எத்தனாலுக்குச் செய்யப்பட்டவை அல்ல. இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தெளிக்க வேண்டும். பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் இதை ஓரளவுதான் சமாளிக்கும். முழு ஆக்சிலேட்டரில் எரிபொருள் போதாமல் போனால், மறுபடியும் நாக்கிங்.

அதனால் முதல் செலவு எங்கே? எரிபொருள் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, ரேடியேட்டர், கூலன்ட், ஆயில் கூலர். கம்பெனி சொன்ன ஆயிலை அது சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் (சுப்ராவின் 2ஜேஇசட், ஸ்கைலைனின் ஆர்பி26, எவோ 9 வரையிலான 4ஜி63 மூன்றுமே பெல்ட்தான்) கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. ஓடாமல் ஷெட்டில் நின்ற காரிலும் ரப்பர் கிழடாகும். கரிசல் புழுதிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். விரட்டி ஓட்டிவிட்டு வந்ததும் இன்ஜினைப் பட்டென்று ஆஃப் செய்யாமல், ஒரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டால் டர்போவில் தேங்கும் ஆயில் கருகாது.

ஸ்பேர் பார்ட்ஸ்? நிசான், டொயோட்டா, மாஸ்டா மூன்றுமே தங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சில பாகங்களை மறுபடி தயாரித்து விற்கின்றன. ஆனால் கப்பல், சுங்கம், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஒரு சின்ன சென்சாருக்காக மாதக்கணக்கில் கார் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

மாடிஃபிகேஷன்: எது ஓகே, எது வம்பு?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்வது எளிது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்படும்படி காரை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நல்ல டயர், பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட், பெரிய ரேடியேட்டர், ஆயில் கூலர் போன்றவை காரின் அடையாளத்தை மாற்றுவதில்லை. கலர் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வேறு ரக இன்ஜினைத் தூக்கி வைப்பது, பாடியை அகலப்படுத்துவது, சேஸிஸை வெட்டுவது எல்லாம் நேரடி வம்பு. திருவள்ளூரில் தயாரான பழைய லேன்சரில் எவோவின் டர்போ இன்ஜினைப் பூட்டும் ஆசை பலருக்கு உண்டு. பூட்டிய மறுநாளே ஆர்.சி.யில் இருக்கும் காரும் ரோட்டில் ஓடும் காரும் வேறு வேறு.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிச் சத்தமான சைலன்சர் போட்டால் பிரிவு 190(2). முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாத லைசென்ஸ் தகுதிநீக்கம். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு இன்ஷூரன்ஸில். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரிந்தால், கம்பெனி க்ளெய்மை மறுக்கலாம்.

அந்த நீலத் தீ?

ரீலில் லைக் வாங்கித் தரும் அதே தீதான் இந்த வட்டாரத்தில் மிகப் பெரிய ஆபத்து. இன்ஜினில் எரியாத பெட்ரோலை வேண்டுமென்றே சைலன்சருக்கு அனுப்பி, அங்கே எரியவைப்பதுதான் ‘பாப்ஸ் அண்ட் பேங்ஸ்’ டியூனிங். டர்போவுக்கும் வால்வுக்கும் கெடுதல் என்பது ஒரு பக்கம். வெடிபொருள் ஏற்றும் வாகனத்தின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு பொறிகூட வெளியே வரக் கூடாது என்பதற்காக. தீபாவளிக்கு முன் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரியும் வேனும் நாள் முழுக்க ஓடும் திருத்தங்கல் ரோட்டில், அதே லாரிக்குப் பக்கத்தில் ஒரு கார் ஒரு அடி நீளத் தீயைக் கக்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசைக்கு வேறு இடம் இல்லையா?

இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் டிராக், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று தமிழ்நாட்டிலேயே தளங்கள் உண்டு. டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு, 500 குதிரைத்திறனை விடப் புதிய பிரேக் பேட் எவ்வளவு முக்கியம் என்பது முதல் நாளே புரிந்துவிடும்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டி வாங்கி வர அல்ல. தீப்பெட்டி செய்யக் கற்று வர. ஜப்பான் காருக்கும் அந்த அணுகுமுறை பொருந்தும். அதைத் தாங்கிப் பிடிக்கும் அறிவும் நல்ல மெக்கானிக்கும் முதலில், கார் பிறகு.

அதுவரை, ரீலில் பார்த்த விற்பனையாளருக்கு போன் போடுபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்வதற்கு முன், பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டச் சொல்லுங்கள்.