ஏழு மேட்ச் ஆடினாத்தான் சாம்பியனா?

இன்னைக்கு எபிசோடை எழும்பூர்ல ஆரம்பிக்கலாம். தி.நகர்ல இருக்கீங்கன்னா மாம்பலத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுங்க, நாலாவது ஸ்டேஷன்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை ராத்திரி. மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி ஃபைனல். பாதி ஆட்டம் முடியும்போது மலேசியா 3, இந்தியா 1. ஆறு நாள் முன்னாடி இதே கிரவுண்ட்ல, இதே மலேசியாவை இந்தியா 5-0னு அடிச்சிருந்தது!

மூணாவது குவார்ட்டரோட கடைசி நிமிஷத்துல ஹர்மன்பிரீத் சிங் ஒண்ணு, குர்ஜந்த் சிங் ஒண்ணு. ஸ்கோர் 3-3. 56வது நிமிஷத்துல ஆகாஷ்தீப் சிங் அடிச்ச கோல்ல 4-3. கப் நமக்கு.

ஆனா அந்தக் கடைசி கோல் விழாம போயிருந்தா? ஒரு வாரம் முழுக்க நல்லா ஆடின டீம், ஒரு ராத்திரி சொதப்பினதால கப்பை விட்டிருக்கலாம். இதே டோர்னமென்ட்ல ஜப்பானோட லீக் மேட்ச் 1-1 டிரா. ஒரு வாரம் கழிச்சு செமி ஃபைனல்ல அதே ஜப்பானை 5-0. அப்போ ஒரே ஒரு மேட்ச்சை வச்சு எந்த டீம் பெட்டர்னு சொல்லிட முடியுமா?

இந்தக் கேள்விக்கு வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக், அதாவது என்ஹெச்எல், ஒரு பதில் வச்சிருக்கு. அங்க ஸ்டான்லி கப்புக்கான ஃபைனல் ஒரு மேட்ச் கிடையாது, ஒரு சீரீஸ். அதிகபட்சம் ஏழு மேட்ச். யார் முதல்ல நாலு ஜெயிக்கிறாங்களோ அவங்க சாம்பியன். சீசன்ல நல்லா ஆடின டீமோட ஊர்ல முதல் ரெண்டு, எதிர் டீம் ஊர்ல அடுத்த ரெண்டு, அப்புறம் மாத்தி மாத்தி ஒவ்வொண்ணு.

ஏன் இவ்வளவு மேட்ச்? ஐஸ் ஹாக்கியில பந்துக்குப் பதிலா 'பக்'னு ஒரு தட்டையான ரப்பர் வட்டு. அது ஐஸ் மேல வழுக்கிட்டுப் போகும், யாரோ ஒருத்தர் ஸ்கேட்ல பட்டு திசை மாறி கோலுக்குள்ள போயிடும். ஒரு கோல்கீப்பர் ஃபார்ம்ல இருந்தா அன்னைக்கு எதுவும் உள்ள போகாது. அதிர்ஷ்டத்துக்கு அங்க இடம் ஜாஸ்தி.

கொஞ்சம் கணக்கு போடலாம். ஒரு டீம் எந்த ஒரு மேட்ச்சையும் ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு வைங்க. ஒரே மேட்ச்னா, நல்ல டீம் கப்பை விட 40 சதவீதம் வாய்ப்பு. ஏழு மேட்ச் சீரீஸ்னா அது சுமார் 29 சதவீதமா குறையும். குறையுதே தவிர, காணாம போகல!

உதாரணம், 2024 ஃபைனல். ஃப்ளோரிடா பாந்தர்ஸ் முதல் மூணையும் ஜெயிச்சாங்க. இன்னும் ஒண்ணு போதும். ஆனா எட்மன்டன் ஆய்லர்ஸ் 8-1, 5-3, 5-1னு வரிசையா மூணு அடிச்சு 3-3 ஆக்கிட்டாங்க. ஏழாவது மேட்ச்சை ஃப்ளோரிடா 2-1னு ஜெயிச்சது. ஏழு மேட்ச்சையும் கூட்டிப் பாருங்க: எட்மன்டன் 23 கோல், ஃப்ளோரிடா 18. அதிக கோல் அடிச்ச டீம் தோத்துடுச்சு. பிளேஆஃப்ஸோட சிறந்த வீரர் விருதும் தோத்த டீமோட கானர் மெக்டேவிட்டுக்குத்தான். அதை வாங்க அவர் வெளியவே வரல. அடுத்த வருஷமும் அதே ரெண்டு டீம், ஃப்ளோரிடா 4-2.

நம்ம ஹாக்கியில இது ஏன் இல்ல? எழும்பூர்ல ஆறு நாடு, ஒரே கிரவுண்ட், பத்து நாள். இதுல ஏழு மேட்ச் ஃபைனலுக்கு எங்க நேரம்? ஐபிஎல் ஒரு நடுவழி கண்டுபிடிச்சிருக்கு: லீக்ல முதல் ரெண்டு இடம் வந்த டீம், குவாலிஃபையர்ல தோத்தாலும் இன்னொரு சான்ஸ் உண்டு.

சரி, நம்ம ஊருக்கு ஃபைனல் சீரீஸ் புதுசா? இல்லவே இல்ல. 2013 நவம்பர்ல, தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில ஆனந்த் – கார்ல்சன் உலக செஸ் சாம்பியன்ஷிப். 12 கேம் திட்டம். முதல் நாலும் டிரா. பத்தாவதுலயே கார்ல்சன் 6.5 – 3.5னு முடிச்சிட்டார். ஒரே கேம்ல தோத்திருந்தா, "ஆனந்துக்கு அன்னைக்கு நாள் சரியில்லப்பா"ன்னு நாம மனசைத் தேத்திக்கலாம். பத்து கேமுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரல.

சீரீஸோட நியாயம் அதுதான். ஜெயிச்சவரோட வெற்றியில யாரும் சந்தேகப்பட முடியாது. தோத்தவருக்குச் சாக்கும் மிஞ்சாது. ஒரே மேட்ச் ஃபைனல்ல அந்த நியாயம் கம்மி. ஆனா 56வது நிமிஷத்துல ஸ்டேடியமே எழுந்து கத்துச்சே, அதுக்குக் காரணம் நாளைக்கு இன்னொரு மேட்ச் கிடையாதுங்கிறதுதான்.

நீங்க எந்தப் பக்கம்? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.