சுகர்னா ஆபரேஷன்தானா?

"சுகர் இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்போ ஆபரேஷன்தானே அக்கா?" ஓசூர்ப் பக்கம் கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் நர்ஸிடம் இப்படிக் கேட்காதவர் குறைவு. தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தவரும் கேட்பார், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவரும் கேட்பார்.

அப்படி இல்லை.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் குடித்தாக வேண்டும். குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140ஐத் தொட்டால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறு தேவையில்லை என்பதுதான் இதில் விசேஷம். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா குழுவினர் வலியுறுத்திய முறை இது. தொலைவிலிருந்து வரும் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் அடுத்த முறை வரமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. 2008இல் வெளியான அவர்களின் தமிழக ஆய்வில் இந்தச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கு, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இருந்தது. காட்டு வேலையை விட்டு கம்பெனி வேலைக்கு வந்த ஓசூர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அவளுடைய இன்சுலின் போகாது. வந்து குவிவதைச் சமாளிக்கச் சிசுவே இன்சுலினைச் சுரக்கிறது. உடலில் கொழுப்பு சேர்கிறது, அதிலும் தோளிலும் வயிற்றிலும். பிரசவத்தில் தலை வந்துவிடும். தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளலாம். அந்தச் சில நிமிடங்கள் பிரசவ அறையே மூச்சைப் பிடித்து நிற்கும். நரம்பு இழுபட்டால் பிள்ளையின் கை துவண்டு போகலாம். மருத்துவர்கள் கத்தியை நினைப்பது இந்தத் தோளுக்காகத்தான்.

தோளைச் சிறிதாக வைக்க வழி உண்டு. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லேசான சர்க்கரை உள்ள 958 பெண்களில், சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலினும் தந்த பிரிவில் தோள் மாட்டியது 1.5 சதவீதம், மற்றப் பிரிவில் 4. சிசேரியன் 33.8இலிருந்து 26.9 ஆனது. நம் தேசிய வழிகாட்டுதலும் சுகப்பிரசவத்தையே முதலில் வைக்கிறது; சிசுவின் எடை 4 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால்தான் சிசேரியன் யோசனை. ஸ்கேன் எடையோ பத்து சதவீதத்துக்கு மேலும் தவறக்கூடியது. தமிழகத்தில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி சிசேரியன் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. இந்த இடைவெளிக்குச் சர்க்கரையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை, ராகிக் களிக்குச் சர்க்கரை ஏறாது என்பது. ராகியிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். உருண்டை எத்தனை என்பதே கேள்வி.

இன்னொரு சிக்கல் வளைகாப்பு. முதல் முறை சர்க்கரை இல்லை என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறு பரிசோதனை. வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதமும் ஏறக்குறைய அப்போதுதான். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணோடு பரிசோதனை அட்டையும் போனால் நல்லது. பல நேரம் அது மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது.

பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் அதே குளுக்கோஸ் தண்ணீர் இன்னொரு முறை. பிள்ளைக்கு முதல் தவணை பென்டா ஊசியும் அதே வாரம்தான். குடித்துவிட்டு வரிசையில் நின்று, ஊசி போட்டு, பால் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.