யாருடைய மீட்டர், யாருடைய கட்டணம்?

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மாதச் செலவுக் கணக்கில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது மின் கட்டணம். வாடகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிவோம். மின் கட்டணத்தையோ சீட்டு கைக்கு வந்த பின்னரே அறிகிறோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரே அளவு மின்சாரத்தைச் செலவிடும் குடும்பங்கள் வெவ்வேறு தொகைகளைச் செலுத்தக்கூடும். இதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், அத்தொகையில் நம்மால் குறைக்க இயலாத பகுதி எது, குறைக்க இயலும் பகுதி எது என்பது தெளிவாகும்.

மலையிலிருந்து வந்த வெளிச்சம்

பாபநாசத்தில் தாமிரபரணி நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1944ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியதை நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்களின் மூத்தோர் அறிவர். மும்பையின் மின்சாரமும் அவ்வாறே ஒரு மலையிலிருந்துதான் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் லோணாவளா வட்டாரத்தில் பெய்யும் பருவமழையை ஏரிகளில் தேக்கி, ஏறத்தாழ 500 மீட்டர் கீழே உள்ள கோபோலிக்குக் குழாய்களின் வழியே இறக்கி மின்சாரம் எடுப்பது ஜம்சேட்ஜி டாடாவின் எண்ணம். அவர் மறைந்த பின்னர், 1910இல் அதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. 1915இல் கோபோலி நிலையமும், 1922இல் பிவ்புரி நிலையமும், 1927இல் பீரா நிலையமும் இயங்கத் தொடங்கின. பம்பாயின் நெசவாலைகள் நிலக்கரிப் புகையிலிருந்து விடுபட்டு மின்சாரத்துக்கு மாறியது இவற்றால்தான்.

அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பீரா நிலையத்துக்கு நீர் தரும் முல்ஷி அணைக்காகத் தங்கள் நெல் வயல்களை இழக்க நேர்ந்த மாவள் பகுதி உழவர்கள், 1921ஆம் ஆண்டு சேனாபதி பாபட்டின் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர். போராட்டம் மூன்று ஆண்டுகள் நீடித்தது, அணையும் எழும்பியது. நாம் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓர் ஊரின் நிலத்திலும் நீரிலும் விளைந்தது என்பதை இது நினைவூட்டுகிறது.

நகரம் வளர வளர மலைநீர் மட்டும் போதவில்லை. 1956இல் செம்பூரை அடுத்த டிராம்பேயில் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1995இல் டஹாணுவில் 500 மெகாவாட் அனல் நிலையம் வந்தது. இருப்பினும், இன்று கோடைகாலத்தில் மும்பையின் தேவை 4,000 மெகாவாட்டைக் கடக்கிறது. நகருக்கென அமைந்த நிலையங்கள் அதில் பாதியைக்கூட நிறைவு செய்வதில்லை. எஞ்சியதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். 2020 அக்டோபர் 12 அன்று காலையில் மின்தொடர் அறுந்து, புறநகர் ரயில்களும் நின்றுபோன நிகழ்வு, வெளியிலிருந்து வரும் மின்பாதைகளை நாம் எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதை உணர்த்தியது. அதன் பின்னர், 2023 அக்டோபரில் கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் மின்பாதை பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய பாதைகளின் செலவும் இறுதியில் நம் கட்டணத்தில்தான் சேர்கிறது.

ஒரே நகரம், வெவ்வேறு வழங்குநர்கள்

கொலாபாவிலிருந்து மாகிம், சயான் வரையிலான தீவு நகரத்துக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்ட். 1905இல் தனியார் நிறுவனமாகத் தொடங்கி, 1947 ஆகஸ்டு 7 அன்று மாநகராட்சியின் உடைமையானது அது. மாட்டுங்காவும் தாராவியும் பெஸ்டின் எல்லைக்குள் உள்ளன. செம்பூர் உள்ளிட்ட புறநகர்ப் பகுதிகளிலோ அதானி எலக்ட்ரிசிட்டி, டாடா பவர் ஆகிய இரு நிறுவனங்கள் வழங்குகின்றன. டாடா நிறுவனம் வீடுகளுக்கும் நேரடியாக வழங்கலாம் என 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், புறநகர்வாசிகள் தங்கள் வழங்குநரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றனர். முலுண்ட், பாண்டுப் பகுதிகளுக்கு மகாவிதரண் வழங்குகிறது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி விலைப்பட்டியலை மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கிறது. மின்சாரத்தின் விலை, கம்பிவடங்களின் வழியே கொண்டுவரும் கட்டணம், மாதந்தோறும் மாறாத நிலைக் கட்டணம், எரிபொருள் விலைக்கேற்பக் கூடிக் குறையும் சரிக்கட்டுத் தொகை, இவற்றின் மேல் மாநில அரசின் 16 விழுக்காடு மின் வரி ஆகியவை சீட்டில் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அயல்நாட்டு நிலக்கரியின் விலை உயர்ந்தால் சரிக்கட்டுத் தொகை உயரும். இவற்றில் எதையும் நம் விருப்பப்படி குறைத்துவிட இயலாது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் அடுத்த வரியில் உள்ளது.

படிநிலையும் பகிர்ந்த மீட்டரும்

வீட்டு மின்சாரத்தின் விலை படிநிலைகளாக உயர்கிறது. மாதத்துக்கு முதல் 100 யூனிட் வரை ஒரு விலை; 101 முதல் 300 வரை அதனினும் கூடுதல்; 301 முதல் 500 வரை மேலும் கூடுதல்; 500க்கு மேல் மிக உயர்ந்த விலை. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டை வீடுகளுக்கு இலவசமாகத் தரும் முறை 2016 முதல் நடைமுறையில் உள்ளது. ஊரில் உள்ள உறவினரின் சீட்டோடு நம் சீட்டை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

குறைந்த அளவு செலவிடும் எளிய குடும்பங்களைக் காப்பதே படிநிலையின் நோக்கம். ஆயினும், ஒரே மீட்டரை நான்கு குடும்பங்கள் பகிரும்போது அந்தக் காப்பு பயனற்றுப் போகிறது. தாராவியின் கோலிகளிலும் பழைய சால்களின் பிரிக்கப்பட்ட அறைகளிலும் இது பரவலாகக் காணப்படும் நிலை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணக்கு எளிதாக விளங்கும்பொருட்டு இவ்விலைகளை நாமாகவே எடுத்துக்கொள்கிறோம்: முதல் 100 யூனிட்டுக்கு 4 ரூபாய், அடுத்த 200க்கு 8 ரூபாய், அதற்கு மேல் 12 ரூபாய், நிலைக் கட்டணம் மீட்டருக்கு 100 ரூபாய். நான்கு குடும்பங்களும் தலா 80 யூனிட் செலவிடுகின்றன. ஒரே மீட்டர் என்றால் மொத்தம் 320 யூனிட். முதல் படிக்கு 400, இரண்டாம் படிக்கு 1,600, மூன்றாம் படிக்கு 240 என மின்சார விலை 2,240 ரூபாய். அதாவது யூனிட்டுக்குச் சராசரியாக 7 ரூபாய். வீட்டுக்காரர் ஒரு ரூபாய்கூட லாபம் வைக்காமல் பிரித்து வாங்கினாலும், நிலைக் கட்டணத்தின் பங்கோடு ஒவ்வொரு குடும்பமும் 585 ரூபாய் தர வேண்டும். தனித்தனி மீட்டர் இருந்தால் 80 யூனிட்டுக்கு 320, நிலைக் கட்டணம் 100, ஆக 420 ரூபாய். வரியைச் சேர்க்காமலேயே மாதம் 165 ரூபாய் வேறுபாடு. ஆண்டுக்கு 1,980 ரூபாய். யாரும் யாரையும் ஏமாற்றாத நிலையிலேயே மிகக் குறைவாகச் செலவிடும் குடும்பம் நடுத்தரக் குடும்பத்தின் விலையைச் செலுத்துகிறது.

தம் பெயரில் ஓர் இணைப்பு

மின் இணைப்பு கேட்கும் உரிமை வீட்டின் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ அங்கு குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் இணைப்பு வழங்க வேண்டிய கடமையை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. புதிய தடம் போட வேண்டிய தேவையில்லாத இடங்களில், பெருநகரங்களில் மூன்று நாள்களுக்குள் இணைப்பு தர வேண்டும் என 2024இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் கூறுகின்றன. அடையாளச் சான்றும், குடியிருப்பதைக் காட்டும் ஆவணமும் தேவைப்படும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். விண்ணப்பம் காரணமின்றித் தாமதமானால் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும், அதன் பின்னர் மின்சாரக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

இந்த இணைப்பு பணத்தை மிச்சப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அடையாள ஆவணத்தில் தற்போதைய முகவரி இல்லாதபோது, இரண்டு மாதங்களுக்கு மேற்படாத மின் கட்டணச் சீட்டை முகவரிச் சான்றாக வங்கிகள் ஏற்க ரிசர்வ் வங்கியின் விதி இடமளிக்கிறது. மூன்று மாதங்களுக்குள் புதிய முகவரியுடன் கூடிய அடையாள ஆவணத்தை அளித்தால் போதும். ஊரிலிருந்து வந்து பத்தாண்டுகள் ஆகியும் கையில் ஊர் முகவரி அட்டை மட்டுமே உள்ளவர்களுக்கு இது பெரிய வாயில். ஆண்டுகள் பல தொடர்ந்து வந்த சீட்டுகள், ஒருவர் எவ்வளவு காலமாக அங்கே வசிக்கிறார் என்பதற்கும் சான்றாகும். ஆகவே கட்டிய சீட்டுகளைக் கிழித்தெறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது நன்று. அதேவேளையில், மின் சீட்டு குடியிருப்புக்குத்தான் சான்றேயன்றி, உடைமை உரிமைக்குச் சான்றாகாது என்பதையும் நினைவில் கொள்க.

கூரையில் விளையும் யூனிட்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் வாழும் வாடிக்கையாளர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஆகியவற்றின் பொது மீட்டர் பெரும்பாலும் உயர்ந்த படிநிலையிலேயே ஓடும். அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணமாக ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தனி வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாயும் கிடைக்கும். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் பெறலாம்.

முடிவெடுக்கும் முன் மூன்று விவரங்களைச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைக்க வேண்டும்: ஓராண்டுக்கான பொது மீட்டர் சீட்டுகள், கூரையில் நிழல் விழாத பரப்பு, கட்டடத்தின் வயது. மறுகட்டுமானத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடிய தகடுகளைப் பொருத்துவது குறித்துத் தயங்கிச் சிந்திப்பதே முறை.

இம்மாதச் சீட்டு வரும்போது செலுத்த வேண்டிய தொகையை மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், அதன் மேல் யாருடைய பெயர் உள்ளது, எந்தப் படிநிலையில் எத்தனை யூனிட் விழுந்துள்ளது என்னும் இரண்டையும் பார்த்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களை அன்புடன் வேண்டுகிறோம். நிலக்கரியின் விலை நம் கையில் இல்லை. மீட்டரின் மேலுள்ள பெயரை மாற்றுவது பல குடும்பங்களின் கையில் இருக்கிறது.