மடிக்கணனி மெதுவா? கடன் எடுக்குமுன் றவுட்டரைப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே கணனியில் வேலை செய்து உழைக்கும் பெண்கள் எங்கள் பக்கங்களிலும் இருக்கிறார்கள். கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள், தட்டச்சு செய்பவர்கள், தைத்த உடுப்புகளின் படங்களை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி ஓடர் எடுப்பவர்கள் எனப் பல வகையினர். இவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். "அக்கா, லப்ரொப் சரியான சிலோ. புதுசுதான் வாங்கவேணும்."

புதுசு வாங்குவதென்றால் எங்களில் பலருக்கு வழி இரண்டுதான். இருக்கிற காப்பை அடைவு வைப்பது, அல்லது நுண்கடன். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்லும் பாடு எப்படியென்று இங்கே எழுதத் தேவையில்லை. ஆகவே கையெழுத்து வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாதர் சங்கத்தில் கணனி பழக்குபவள் என்ற முறையில் பல வீடுகளில் செய்து பார்த்ததையே சொல்கிறேன்.

மடிக்கணனியை றவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாவியுங்கள். அங்கே நன்றாக ஓடி, வழமையான அறைக்குள் போனதும் இழுபட்டால் பெரும்பாலும் கணனியில் பிழையில்லை. வீட்டுக்குள் அலை வந்து சேரும் விதத்தில்தான் பிழை. பக்கத்திலும் மெதுவாக இருந்து, கைத்தொலைபேசியும் அப்படியே இழுபட்டால் கோபுரத்துச் சிக்னலோ பக்கேஜோ காரணமாகலாம். கைத்தொலைபேசி அதே இடத்தில் விரைவாக ஓடினால் மட்டும் கணனியைச் சந்தேகியுங்கள்.

இப்போது விற்கும் றவுட்டர்களில் பல, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்பவை. இந்த 5, கைத்தொலைபேசியின் 5ஜி அல்ல. இதற்கு மேலதிகக் காசும் இல்லை. 2.4 கூடத் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் நெரிசல் கூடியது. அயல்வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பக்கத்தில்தான். 5 வேகமானது, சுவர் தடுத்தால் சோர்ந்துவிடும். றவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்து வேலை செய்பவருக்கு 5 நல்லது. முற்றத்துக்கும் குசினிக்கும் 2.4 போதும்.

றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்றதொரு இலக்கம் இருக்கும். இணைந்திருக்கும் கணனியில், இணையப் பக்கம் திறக்கும் இடத்தில் அதை அடித்து, தாளிலுள்ள கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே போகலாம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால், கணனி சில வேளை 2.4ஐயே பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு வேறு பெயர் வைத்து, கணனியில் 5இன் பெயரைத் தெரிவு செய்யுங்கள். மற்றதற்கு 'ஃபொகெற்' கொடுத்துவிடுங்கள். 2.4க்கு அகலம் 20 மெகாஹேர்ட்ஸ், சனல் 1, 6, 11இல் ஒன்று. 5க்கு அகலம் 80, சனல் 36. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குச் சனல் முக்கியம். வன்னியில் காணிக்கொரு வீடென்றிருக்கும் இடங்களில் அதில் மினக்கெட வேண்டாம்.

அங்கே பெரிய எதிரி தகரம். மீள்குடியேற்றத்தின்போது தந்த தகரங்களைக் கழற்றிப் பிறகு குசினிக்கும் பத்திக்கும் அடித்த வீடுகள் எத்தனையோ. தகரத்தை இந்த அலைகள் கடக்காது, திரும்பிவிடும். இரும்பு அலுமாரிக்கு மேலும், ரீவிக்குப் பின்னாலும் றவுட்டரை வைக்காதீர்கள். சிம் போடும் றவுட்டர் என்றால் கோபுரப் பக்க யன்னலருகே, தலை உயரத்தில் வையுங்கள். மேசையையும் அந்த அறைக்கே மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மேசையை நகர்த்தச் செலவில்லை.

5இன் பெயர் கைத்தொலைபேசியில் தெரிந்து கணனியில் தெரியாவிட்டால், அந்தக் கணனிக்கு 2.4 மட்டுமே பிடிக்கும் என்று எண்ணலாம். நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கணனிகளில் இதைக் கண்டிருக்கிறேன். யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை அடப்ரர் ஒன்று போதும். இரண்டு அலைவரிசையும் பிடிக்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். புதுக் கணனியின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகைதான்.

டேற்றா அளவாக உள்ளவர்கள் விண்டோஸில் அந்த வைஃபைக்கு 'மீற்றேட்' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான அப்டேற்றுகள் தன்பாட்டுக்கு இறங்குவது நிற்கும். மாதத்துக்கு ஒரு நாள், டேற்றா மிச்சமிருக்கும்போது அதை எடுத்துவிட்டு அப்டேற் செய்யுங்கள். அடியோடு நிறுத்துவது கணனிக்கு நல்லதல்ல.

உள்ளே போன கையோடு தாளிலுள்ள இரண்டு கடவுச்சொற்களையும், வைஃபைக்குரியதையும் றவுட்டருக்குரியதையும், மாற்றுங்கள். அந்தத் தாளைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அவை தெரியும், றவுட்டர் பூட்ட வந்த தம்பி உட்பட. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகளில் இதைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். புதுச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம்.