குட்டிக் கிட்டாரின் சுருதிக் கணக்கு

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் எங்கள் பில்டிங்கின் மூன்றாம் மாடியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தோளில் கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். பைக்குள் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். யாரோ வாசித்துப் பழகிய பிறகு விற்றது. அவளுடைய அப்பா குறைந்த விலைக்கு வாங்கி வந்திருந்தார்.

“மாமா, இது பொம்மை கிட்டார்னு கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நிஜமாவே பொம்மையா?”

கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறு கம்பிகள், முறுக்கும் சாவிகள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் எல்லாம் இருந்தன. ஆள்தான் குட்டை.

“பொம்மையா இல்லையான்னு நாம ஏன் சண்டை போடணும்? அளந்து பாத்துடுவோம். உங்க அம்மாவோட தையல் டேப்பை எடுத்துட்டு வா” என்றேன்.

குழந்தைகளே, அன்று அளக்கத் தொடங்கிய நாங்கள் இரண்டு வாரம் அந்தக் கிட்டாரை விடவில்லை. நாங்கள் கண்டுகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

டேப் சொன்ன சேதி

கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் ஒரு சின்னத் தடுப்பின் மேல் ஏறி வரும். அதற்கு நட் என்று பெயர். மறுமுனையில் கம்பிகள் உட்காரும் இடம் பிரிட்ஜ். வீணையில் இதைக் குதிரை என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கம்பிதான் அதிர்கிறது. அந்த நீளத்துக்கு ஸ்கேல் என்று பெயர்.

அதை அளக்க ஒரு சுருக்கு வழி உண்டு. வீணையில் மெட்டு இருப்பதுபோல் கிட்டாரின் கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில் இருக்கும். நட்டிலிருந்து அதுவரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும். எங்களுக்கு 28.2 சென்டிமீட்டர் வந்தது. அப்படியென்றால் ஸ்கேல் 56.4 சென்டிமீட்டர். மேடைகளில் நாம் பார்க்கும் பல பெரிய கிட்டார்களுக்கு இது 64.8 சென்டிமீட்டர்.

இந்தக் குட்டை அளவு யாரோ ஏமாற்றுவதற்காகச் செய்ததும் இல்லை. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1956ஆம் ஆண்டிலேயே மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்று இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்தது. கற்றுக்கொள்ளும் மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்த அவற்றின் ஸ்கேல் 22.5 அங்குலம், அதாவது சுமார் 57 சென்டிமீட்டர்.

சின்னக் கைக்கு இதனால் என்ன லாபம்? பெரிய கிட்டாரில் நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்டுக்கு 13.4 சென்டிமீட்டர். இவளுடையதில் 11.6 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்! விரல்களை விரித்து விரித்து வலிக்கும் வயதில் அது பெரிய உதவி.

சின்னது கீச்சிட வேண்டாமா?

அப்போதுதான் அவள் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

“மாமா, கம்பி குட்டையா இருந்தா சுருதி ஏறும்தானே? ஃப்ரெட்டை அமுக்கினா அதனாலதானே ஏறுது? அப்ப இந்தக் கிட்டார் முழுசும் கீச்சுக் குரல்லதானே கத்தணும்?”

போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, மிக மெல்லிய கம்பியை மீட்டினோம். 330 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 330 அதிர்வுகள். பெரிய கிட்டாரிலும் அந்தக் கம்பிக்கு அதே 330தான். எப்படி?

பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. கம்பியின் சுருதியை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நீளம். குறைந்தால் சுருதி ஏறும். இரண்டு, இழுவிசை. முறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். மூன்று, கம்பியின் கனம். கனம் கூடினால் இறங்கும்.

குட்டைக் கம்பி ஏற்றிவிட்ட சுருதியை, கொஞ்சம் தளர்த்திக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

எவ்வளவு தளர்வு என்பதற்கும் கணக்கு உண்டு. 56.4ஐ 64.8ஆல் வகுத்தால் 0.87. இழுவிசைக்கு இதை இதே எண்ணால் ஒரு தடவை பெருக்க வேண்டும், 0.76 வரும். பெரிய கிட்டாரில் அந்த மெல்லிய கம்பி சுமார் 6 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் விறைத்து நிற்கும். குட்டியில் அதே கம்பிக்கு நாலரைக் கிலோதான். கால்வாசி இழுவிசை போய்விட்டது!

முதல் மாற்றம்: கம்பி

போன கால்வாசி சும்மா போகாது. தளர்ந்த கம்பி மீட்டும்போது அகலமாக ஆடும். ஆடி ஆடி ஃப்ரெட்டில் இடித்து ‘ஜர்ர்’ என்று இரையும். விரல் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டால் சுருதி நழுவிவிடும். வகுப்பில் சிரித்தவர்கள் கேட்டது அந்த ஜர்ர் சத்தத்தைத்தான்.

மெர்சென் சொன்ன மூன்றில் நீளத்தை நம்மால் மாற்ற முடியாது. கனத்தை மாற்றலாமே! கொஞ்சம் தடித்த கம்பி போட்டால், அதே 330க்கு வர அதைக் கூடுதலாக முறுக்கியாக வேண்டும். போன விறைப்பு திரும்பி வரும்.

கிட்டார் கம்பிகளைக் கடையில் நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். 9 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்பது பங்கு தடிமன், ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர். அவளுடைய கிட்டாரில் இருந்தது 9. நாங்கள் 10ஆம் நம்பர் செட் வாங்கிப் போட்டோம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இழுவிசை நாலரையிலிருந்து ஐந்தரைக் கிலோவைத் தாண்டியது. ஜர்ர் சத்தம் நின்றது.

கம்பியை மாற்றினால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அமுக்கி மீட்டினால் அமுக்காத கம்பியின் சரியாக இரு மடங்கு அதிர்வு வர வேண்டும். கீழ் ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம்போல. ஆனால் அமுக்கும்போது கம்பி துளி நீண்டு இறுகுவதால் சுருதி சற்று ஏறிவிடும். அப்படி ஏறினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டைத் திருகிக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். திருப்புளியை அவள் கையில் கொடுத்தேன். கால் திருகு, மீட்டு, போனைப் பார். மறுபடி கால் திருகு. ஆறு கம்பிக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

காந்தம் கேட்கும் காது

வீணைக்குக் குடம் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டார் கெட்டி மரம். பிறகு ஒலி எங்கிருந்து வருகிறது?

கம்பிகளுக்கு அடியில் நீளமான பொத்தான்போல் இருப்பது பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைப்போல் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தன் மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி ஆடினால் சுருளுக்குள் காந்தப்புலம் மாறும். மாறும் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நொடிக்கு 330 தடவை ஆடினால் 330 தடவை மின்சாரம் முன்னும் பின்னும் போய்வரும். ஆம்ப் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

ஆகவே இந்தக் காதுக்குக் காந்தத்தில் ஒட்டும் கம்பிதான் கேட்கும். நைலான் கம்பியை எத்தனை வேகமாக மீட்டினாலும் அது செவிடுதான்!

இரண்டாம் மாற்றம்: இரைச்சல்

ஆம்பை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கம்பியில் கை வைத்தால் குறைந்தது, எடுத்தால் கூடியது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. ட்யூப்லைட், ஃபேன், சுவருக்குள் ஓடும் வயர் எல்லாம் அந்தத் துடிப்பைச் சுற்றிலும் பரப்புகின்றன. கம்பிக்குக் காது கொடுக்கும் பிக்கப் இதையும் கேட்கிறது. நம் உடம்பும் ஓர் ஆண்டெனாபோல அதைப் பிடித்துக் கிட்டாருக்குள் கொட்டுகிறது. கம்பிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், தொட்டவுடன் அது அங்கே வடிந்துவிடுகிறது.

இதற்கும் ஃபாரடேயிடமே மருந்து இருக்கிறது. உலோகக் கூண்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று 1836இல் அவர் செய்து காட்டினார். கிட்டாரின் வயிற்றுக்குள் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்துவிட்டால் அது ஒரு குட்டிக் கூண்டு.

அடுத்த சனிக்கிழமை அவளும் அவள் அப்பாவும் நானும் லோக்கல் ரயிலில் தாதர் போய், அங்கே வெஸ்டர்ன் லைன் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினோம். லாமிங்டன் ரோடு முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். ஒட்டும் செம்புத் தாள் ஒரு சுருள் வாங்கினோம். வீட்டுக்கு வந்து அவள் கத்தரித்து ஒட்ட, அவள் அப்பா சால்டரிங் வைத்தார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது.

மீதி? அது காந்தப்புலமாக வருவது. செம்புத் தாள் அதைத் தடுக்காது. அதை அடக்க கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் ஓர் அருமையான வழி செய்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தங்களையும் தலைகீழாக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து பூஜ்யமாகும். கம்பியின் ஒலியோ இரண்டிலும் கூட்டலாக வந்து சேரும். அந்தப் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர். அவளுக்கு அடுத்த பிறந்தநாளுக்கு அது வரப்போகிறது.

எட்டை ஐந்தாக்கியவர்

வாத்தியத்தைத் தனக்கேற்ப மாற்றுவது நம் ஊருக்குப் புதிதில்லை. மாண்டலின் கிட்டாரைவிடச் சின்னது. ஸ்கேல் சுமார் 35 சென்டிமீட்டர்தான். அதில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. மீட்டினால் நாதம் சட்டென்று அடங்கிவிடும். கர்னாடக இசைக்கு நாதம் நிற்க வேண்டும், ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் வர வேண்டும்.

ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து சென்னையில் வளர்ந்த யு. ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தவர். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினைத் தேர்ந்தெடுத்தார். அடங்கிப்போகும் நாதத்தின் வாலைக்கூடப் பிக்கப் பெரிதாக்கிக் காட்டும் அல்லவா? ஜோடிக் கம்பிகளையும் விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் வைத்துக்கொண்டார். இரண்டு கம்பிகளை ஒரே அளவில் இழுத்துக் குழைப்பதைவிட ஒன்றைக் குழைப்பது எளிது. பெரிய வித்வான்கள் உட்கார்ந்த மேடைகளில் அந்தக் கையகல வாத்தியத்தோடு சிறுவனாகவே போய் உட்கார்ந்தார். 1998இல் பத்மஸ்ரீ பெற்றார். 2014இல், 45 வயதில் மறைந்தார். மாண்டலினில் ராகம் பாட முடியும் என்பதை யாரும் இனி சந்தேகிக்க முடியாதபடி செய்துவிட்டுப் போனார்.

மெர்சென்போலவே நம் விஞ்ஞானி சர் சி.வி. ராமனும் கம்பிகளை ஆசையோடு ஆராய்ந்தவர்தான். வீணை, தம்புராவின் வளைந்த குதிரை நாதத்தில் என்ன மாயம் செய்கிறது என்று 1921இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

நீங்கள் வாங்கப் போனால்

• டேப் கொண்டு போங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

• தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

• ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அமுக்கி மீட்டுங்கள். ஊமையாக ஒலிக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஆம்பில் இணைத்துக் குமிழ்களைத் திருகிப் பாருங்கள். கரகரத்தால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

• வாசித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள். நம் மும்பை மழைக்காலத்து ஈரத்தில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

• ஆம்பை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதில் வீட்டு மின்சாரம் ஓடுகிறது. சால்டரிங் வேலைக்கும், கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகவும் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

நீளமான டிபன் டப்பாவின் மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி மீட்டுங்கள். நடுவில் பென்சிலைச் செருகி ஒரு பாதியை மீட்டுங்கள்: நீளம். பென்சிலை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் இழுத்து இறுக்கி மீட்டுங்கள்: இழுவிசை. தடித்த ரப்பர் பேண்டை அதே இறுக்கத்தில் மாட்டி மீட்டுங்கள்: கனம். மெர்சென் சொன்ன மூன்றும் உங்கள் டப்பாவிலேயே இருக்கின்றன.

போன வாரம் அவள் கிட்டாரைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். வகுப்பில் ஒரு பையனிடம் பெரிய கிட்டார் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மெல்லிய கம்பியை ஒவ்வொன்றாக மீட்டினார்களாம். சாயங்காலம் மாடிப்படியிலேயே என்னை நிறுத்திச் சொன்னாள்:

“மாமா, ரெண்டுக்கும் 330தான் வந்துச்சு. எது குட்டி, எது பெரிசுன்னு போனுக்குத் தெரியவே இல்ல. அந்தப் பையன் நம்ம டேப்பைக் கேக்கறான், குடுக்கட்டுமா?”