தீர்ப்புக்குப் பின் – 9: ஜப்திப் பொருளும் அமீனாவின் காவலும்

பணம் செலுத்தும்படி உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் கடனாளி செலுத்தாதபோது, தீர்ப்பைப் பெற்றவர் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய, அதன் மீது பிறப்பிக்கப்படும் ஜப்தி வாரண்டை எடுத்துச் செல்பவர் அலுவலகப் பதிவுகளில் கட்டளை நிறைவேற்றுநர் என்றும், மக்கள் வழக்கில் அமீனா என்றும் அறியப்படுகிறார். மாவட்ட நீதிமன்றங்களில் இப்பணியின் முழுச் சுமையும் இவர் தோளிலேயே இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் தரும் வாரண்டுப் படிவத்தைப் படித்தால் இவரது பணியின் இயல்பு விளங்கும்: கடன் தொகையும் ஜப்திச் செலவும் அவ்விடத்திலேயே செலுத்தப்படாவிட்டால், பட்டியலில் கண்ட பொருள்களையோ தீர்ப்பைப் பெற்றவர் சுட்டிக்காட்டும் பொருள்களையோ ஜப்தி செய்து, நீதிமன்றத்தின் மறு உத்தரவு வரும்வரை வைத்திருக்கும்படி அது ஆணையிடுகிறது.

இந்த ‘வைத்திருத்தல்’ என்ற பகுதியே, பொதுமக்கள் அதிகம் அறியாததும் அமீனாவுக்கு மிகுந்த சங்கடம் தருவதுமாகும். ஜப்தியால் பொருளின் உடைமை எவருக்கும் மாறிவிடுவதில்லை. விற்பனை முடியும்வரை அது கடனாளியுடையதே, ஆனால் அதை விற்கவோ மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. இவ்வாறு இடைநிலையில் நிற்கும் பொருளை, சட்டத்தின் 21ஆம் கட்டளை, 43ஆம் விதியின்படி, அமீனா நேரில் கைப்பற்றித் தம் காவலிலோ தமக்குக் கீழ்ப்பட்டவர் காவலிலோ வைக்க வேண்டும். காவலில் குறை நேர்ந்தால் பொறுப்பு அவரையே சாரும். விரைவில் அழுகக்கூடிய பொருளையும், காக்கும் செலவு மதிப்பையே மிஞ்சிவிடக்கூடிய பொருளையும் அவர் உடனே விற்றுவிடலாம். ஆடுமாடு, உழவுக் கருவி போன்று எளிதில் கொண்டுசெல்ல முடியாதவற்றை, இரு தரப்பினரில் ஒருவரோ அப்பொருளில் அக்கறை கொண்ட பிறரோ கேட்டால், அதே ஊரில் நன்மதிப்புள்ள ஒருவரிடம் ஒப்படைக்க 43-அ விதி இடமளிக்கிறது. அப்படிப் பொறுப்பேற்றவர், உரிய அறிவிப்புக்குப் பின்னும் பொருளைக் கொண்டுவந்து காட்டத் தவறினால், பிணை நின்றவரைப் போலவே இழப்பீட்டுக்கு உள்ளாவார். ஊர்ப் பெரியவர் என்ற மதிப்புக்காகக் கையெழுத்திடுவோர் இதை எண்ணிப் பார்ப்பது அரிது.

கைப்பற்றும் அதிகாரமும் கண்டிப்பான எல்லைக்கு உட்பட்டது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணி, கைவினைஞரின் கருவிகள், உழவரின் பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைத் தானியமும் ஆகியவற்றை 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. 62ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்பு வீட்டினுள் நுழையக் கூடாது. வீடு கடனாளியின் வசத்தில் இருந்து அவர் நுழைய விடாமல் தடுத்தாலன்றி வெளிக்கதவை உடைக்கவும் கூடாது. ஆயினும் முறையாக உள்ளே சென்றபின், பொருள் இருப்பதாக நம்பக் காரணமுள்ள அறையின் கதவை உடைக்கலாம் என்பதால், வாசற்படியைக் கடக்கும் கணமே சட்டத்தின் பார்வையில் முக்கியமானது.

தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறும் ஜப்திச் செய்தி வீட்டைப் பற்றியதன்று, அரசுப் பேருந்தைப் பற்றியது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டைப் போக்குவரத்துக் கழகம் செலுத்தாதபோது, பேருந்து நிலையத்திலேயே வண்டி ஜப்தி செய்யப்பட்டு, பயணிகள் வேறு வண்டிக்கு மாற, நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. நிலம் எடுத்ததற்கான இழப்பீடு பாக்கியானால் ஆட்சியர் அலுவலக ஜீப்பும் நாற்காலிகளும் கணினிகளும்கூட இதற்குத் தப்புவதில்லை. பேருந்தை விற்றுப் பணமாக்குவதை எவரும் உண்மையில் நாடுவதில்லை. பிடித்து வைத்தால் பணம் வரும் என்பதே கணக்கு, அந்தக் கணக்குப் பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. தீர்ப்புத் தொகையும் செலவும் நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டால் ஜப்தி நீங்கிவிடும். அதுவரை வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியின் டயருக்கும் பேட்டரிக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியில் மேற்கண்ட 43ஆம் விதி அமீனாவை விடாமல் தொடர்கிறது. பிறர் மரணத்துக்கான ஈட்டுத்தொகையைப் பொது நிறுவனங்களிடமிருந்து பெறுவதற்கு ஒரு கடைநிலை அலுவலர் பேருந்து நிலையத்தில் காத்து நிற்க வேண்டியிருப்பது வெட்கத்துக்குரிய நிலையே.

ஜப்தி செய்யும் இடத்தில் ‘இது என் பொருள், கடனாளியுடையதன்று’ என்று மூன்றாமவர் வாதிட்டால் அதைத் தீர்ப்பது அமீனாவின் வேலையன்று. 58ஆம் விதியின்கீழ் நீதிமன்றமே அக்கோரிக்கையை விசாரிக்கும். வாரண்டு நிறைவேறிய நாளையும் முறையையும், நிறைவேறாவிட்டால் அதன் காரணத்தையும் அதிலேயே எழுதிக் குறித்த நாளுக்குள் அவர் திருப்பி அனுப்ப வேண்டும்.

விற்பனைக்கு உத்தரவானால், அசையும் பொருளுக்கு விளம்பரம் ஒட்டப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 7 நாள்களும் அசையாச் சொத்துக்கு 15 நாள்களும் கழிந்த பின்னரே ஏலம் நடைபெறும். ஏலத்தில் எந்தக் கடமையாவது உடைய அலுவலர் நேராகவோ மறைமுகமாகவோ அப்பொருளைக் கேட்கவோ வாங்கவோ 73ஆம் விதி தடை செய்கிறது. ஏலம் முடிவாகும் முன் கடனாளி முழுத் தொகையையும் செலவையும் நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு விற்பனையை நிறுத்த வேண்டியவரும் ஏலத்தை நடத்தும் அந்த அலுவலரே.

(தொடரும்)