டோரா காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்

பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரின் கடிதங்களில் ஒரே குழப்பம்: "என் மகள் டோராவுக்குப் பதில் சொல்கிறாள். டோரா தன்னைப் பார்ப்பதாக நம்புகிறாளா? இதைப் படிப்பாகக் கணக்கில் வைக்கலாமா?"

டிவி கார்ட்டூனில் வரும் டோரா, புஜ்ஜி, குள்ளநரி பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டியது அந்த மௌனத்தைப் பற்றி. டோரா கேள்வி கேட்டுவிட்டு நம்மையே பார்ப்பாள். சில நொடி கழித்துப் பாராட்டுவாள். தயாரிப்பாளர்கள் இதை 'ஊடாடும் நிகழ்ச்சி' என்கிறார்கள். ஊடாட வேண்டுமானால் இரு பக்கமும் காது வேண்டும். பிள்ளை ஆற்றை மலை என்றாலும், வாயே திறக்காவிட்டாலும், அதே பாராட்டுதான் வருகிறது.

இந்த மௌனத்தைப் பக்குவமாகக் கையாண்டது, அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் 1996-ல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற பாலர் நிகழ்ச்சி. ஒவ்வொரு பகுதியையும் பாலர்களிடம் சோதித்துத் திருத்தினார்கள். ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாக வாய்விட்டுப் பதில் சொன்னதை 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. மெச்ச வேண்டிய வேலைதான்.

என்னை உறுத்துவது 2006-ல் வெளியான இன்னொரு சோதனை. பொம்மை ஒளித்துவைத்த இடத்தைத் திரையில் ஒருவர் சொல்கிறார். பதிவுசெய்த காட்சியில் சொன்னபோது இரண்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அதே திரையில் அவர் நேரலையில் வந்து, ஐந்து நிமிடம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளையின் பேச்சுக்குப் பதில் பேசிவிட்டுச் சொன்னபோது, போய் எடுத்தார்கள். 'இவர் என்னோடுதான் பேசுகிறாரா' என்று அந்த வயதிலேயே எடைபோடுகிறார்கள். யார் பேச்சை நம்பலாம் என்பதற்கு அதுவே அடையாளம். டோராவின் மௌனம் அந்த அடையாளத்தைத்தான் போலி செய்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "அது மலை இல்லடா கண்ணு, ஆறு" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் மட்டுமே பிள்ளையின் பதில் யார் காதிலாவது விழுகிறது.

மற்ற கேள்விகளுக்கு:

நிஜமென்று நம்புவாளா? திரையில் தெரியும் கிண்ணத்துப் பாப்கார்ன், டிவியைக் கவிழ்த்தால் கொட்டிவிடும் என்று மூன்று வயதினர் பலர் 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் சொன்னார்கள். நான்கு வயதில் தெளிவு வந்துவிடுகிறது.

படிப்பாகக் கணக்கு வைக்கலாமா? நீங்கள் கூட உட்கார்ந்து பேசிய நேரத்தை வைக்கலாம்.

இரண்டு வயதுக்குக் கீழே? வேண்டாம்.

வீடியோ காலில் தாத்தா? தாராளமாக, அவருக்குக் காது கேட்கிறது.

பார்த்ததையே திரும்பக் கேட்கிறாள்? அதையே போடுங்கள்.